கழற்றாத ஸ்வெட்டர்

அடல்ட் வெப்சைட் ஒன்றில் வேலைக்குச் சேரப்போகிறேன் என்பதை நான் முதலில் சொன்னது என் மனைவியிடம்தான். சிட்னிப் பக்கம் பரமட்டாவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சமையலறை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் டீ குடித்துக்கொண்டிருந்தாள். நான் இருந்த ஐ.டி. கம்பெனி எங்கள் பிரிவையே மூடிவிட்டது. அதன் பிறகு போட்ட விண்ணப்பங்களுக்கெல்லாம் பதில் வரவில்லை, அல்லது மன்னிக்கவும் என்று வந்தது. இந்த வேலையை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "பெரியவங்க பாக்குற வெப்சைட்டு" என்றேன்.

"பெரியவங்கன்னா? ரிட்டயர் ஆனவங்களா?"

"இல்ல. அந்த மாதிரி வெப்சைட்டு."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"உடம்பு எனக்குப் புதுசில்லீங்க. தெனம் பாக்குறேன். யாரையாச்சும் மிரட்டி எடுக்குறாங்களா, சின்னப் புள்ளைங்க யாராச்சும் இருக்குதா, அதை மட்டும் சொல்லுங்க."

"ரெண்டும் இல்ல. நல்லா விசாரிச்சுட்டேன்."

"அப்பச் சரி. பாப்பாவுக்குத் தெரிய வேண்டாம். ஊருல யாருக்கும் தெரிய வேண்டாம்." மீதி டீயைக் குடித்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் பகல் முழுக்க வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பார்த்து அவள் வேறு எதற்கோ பயந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வேலை கொடுத்தவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். யாழ்ப்பாணத்துக்காரர். யுத்த காலத்தில் அகதியாக வந்து, கோழி வெட்டும் தொழிற்சாலையில் நின்று, பெட்ரோல் நிலையத்தில் இருந்து, அங்கே ஆளில்லாத நேரங்களில் கம்ப்யூட்டர் படித்தவர். ஹெலன்ஸ்பர்க் கோயில் கேன்டீனில், ஒரே மேசையில் தோசை சாப்பிடும்போது பழக்கமானோம். எனக்கு வேலையில்லை என்று தெரிந்ததும் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுக் கோயில் கார் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"கோயிலுக்குள்ள நிண்டு கதைக்கிற விசயமில்லை தம்பி. கேட்டிட்டு நீர் திரும்பிப் பாராமல் போனாலும் நான் குறை நினைக்கமாட்டன்."

இணையம் புதிதாக இருந்த காலத்தில் அவர் அந்தத் தொழிலில் இறங்கியிருந்தார். வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் படங்களை மொத்தமாக வாங்கித் தன் தளங்களில் போட்டு, சந்தா வாங்கிக் காட்டுவார். ஓஹோ என்று ஓடியிருக்கிறது. ஒரு வீடு, இரண்டு பிள்ளைகளின் படிப்பு, தங்கைமாரின் கல்யாணம் எல்லாம் அதில்தான் நடந்தன. பிறகு எல்லாவற்றையும் இலவசமாகக் காட்டும் பெரிய வீடியோ தளங்கள் வந்தன. கூடத் தொழில் செய்தவர்கள் ஒவ்வொருவராக மூடிவிட்டுப் போனார்கள்.

"சும்மா கிடைக்கிறதுக்கு ஆர் காசு குடுப்பான்? என்ரை சைட்டுகளும் செத்துப் போச்சுது. நான்தான் இன்னும் எடுக்காமல் வைச்சிருக்கிறன்" என்றார்.

பரமட்டாவில் ஒரு வரிக் கணக்காளர் கடைக்கு மேலே அவருடைய அறை. கதவில் வெறுமனே கம்ப்யூட்டர் சேவை என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். சில வேளை யாராவது வயதானவர்கள் பழுதான லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்துவிடுவார்கள். அண்ணன் விளக்கம் ஏதும் சொல்லாமல் அதையும் வாங்கிப் பழுதுபார்த்துக் கொடுப்பார். ஜன்னலைத் திறந்தால் ரயில் நிலையத்துக்குப் போகும் சனக்கூட்டம் தெரியும். ஒரு காலத்தில் நானும் கழுத்தில் அடையாள அட்டை தொங்க அந்தக் கூட்டத்தில் போனவன்.

செத்துப்போன அந்தத் தளங்களை நான் மேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மூலையில் கிடந்த ஒரு பழைய படத்தைப் பற்றி மட்டும் விடாமல் மின்னஞ்சல் வந்துகொண்டிருந்தது. தடித்த கம்பளி ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கழுத்து மூடி, கை மூடி, முகமும் விரல்களும் மட்டும் தெரியும். தொடரின் முதல் படம் அது. அடுத்த படங்களில் அவள் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவாள். அவற்றை யாரும் கேட்கவில்லை. முதல் படம் போல இன்னும் இருக்கிறதா, அந்த ஸ்வெட்டர் எந்த ஆட்டின் கம்பளி, கையால் பின்னியதா என்றுதான் கேட்டார்கள். திருப்பூர்க்காரனான எனக்குப் பனியன் துணி தெரியும். இது எனக்கே புதிதாக இருந்தது.

அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"எட தம்பி! உடுப்புக் கழட்டுறதுக்குக் காசு குடாத சனம் உடுப்புப் போடுறதுக்குக் குடுக்கும் போலயே!"

சிரித்து முடித்ததும் யோசிக்க ஆரம்பித்தார். ஊரெல்லாம் விற்பதை நாமும் விற்றால் இலவசக்காரன் நம்மை விழுங்கிவிடுவான். உலகத்தில் கொஞ்சப் பேருக்கு மட்டும் வேண்டிய ஒன்றை, வேறு எங்கும் கிடைக்காத ஒன்றை, நாமே எடுத்து, கேட்டவனுக்கு நாமே பதில் எழுதிக் கொடுத்தால் அவன் போகமாட்டான். இதுதான் அவர் கண்ட வழி. பின்னல் தெரிந்த, கேமரா முன்னால் உட்காரச் சம்மதிக்கிற ஒரு பெண் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தோம். எதற்காக என்பதையும் ஒளிக்காமல் எழுதினோம்.

பதில் எழுதியவர் ஐம்பதைத் தாண்டியவர். சிட்னிக்கு மேற்கே மலைமேல் ஒரு சின்ன ஊரில் தனியாக இருந்தார். பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் எப்போதோ விட்டுப்போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ரயிலேறி அவர் வீட்டுக்குப் போனோம். பனிக்காலம். உள்ளே விறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலி, சோபா, ஜன்னல் விளிம்பு எல்லாவற்றிலும் நூல் உருண்டைகள். யார் பார்ப்பார்கள், என்ன நினைத்துப் பார்ப்பார்கள் என்று அண்ணன் தட்டுத் தடுமாறிச் சொன்னார். அவர் பின்னுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். என் மனதில் அது தமிழாகவே தங்கிவிட்டது. "எதையும் கழற்றமாட்டேன். அது ஒன்றுதான் நிபந்தனை" என்றார். முகத்தை மறைத்து எடுக்கலாமா என்று நான் கேட்டேன். "எதற்கு? வெட்கப்படும்படி நான் என்ன செய்யப்போகிறேன்? இத்தனை வருஷமாகக் கடையில், பஸ்ஸில், யாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. பார்க்கட்டுமே" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. அவர் உட்கார்ந்து பின்னுவார். முடித்த ஸ்வெட்டரைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு, கழுத்துப் பட்டையை மடித்துவிட்டு, கையை நீட்டிக் காட்டுவார். நூலைப் பற்றிப் பேசுவார். கோடையில் வெயில் கொளுத்தும்போது கேமராவுக்கு வெளியே நின்று அண்ணன் அவருக்கு அட்டையால் விசிறுவார். பார்த்தவர்களுக்கு அது ஆசைதான், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் எழுதியவர்கள் மரியாதையாக எழுதினார்கள். ஆட்டுத் தொழுவங்கள் உள்ள வறண்ட ஊரிலிருந்து ஒரு லாரி டிரைவர், ஏ.சி. வேலை செய்யாத லாரியில் ஸ்வெட்டர் படம் பார்ப்பதாக எழுதியிருந்தார். அதை நான் வாசித்துக் காட்டியபோது அந்த அம்மா பின்னல் கம்பியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அவருக்கு இலேசான நூலில் ஒன்று பின்னுகிறேன் என்றார். பின்னவும் செய்தார்.

சுற்றிலும் எல்லாரும் மூடிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் தளம் மெல்ல வளர்ந்தது. பெரிய பணம் இல்லை. மூன்று வீட்டு அடுப்பு எரிந்தது. பழைய தொழில்காரர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டு, என்ன மந்திரம் போடுகிறாய் என்று அண்ணனைக் கேட்டாராம். "மந்திரமில்லை, கம்பளி எண்டு சொன்னனான். பகிடி விடுறன் எண்டு நினைச்சுப் போனை வைச்சிட்டான்" என்றார்.

வெளியே சொல்லத்தான் வாயில்லை. ஒருமுறை கோயிலில், எங்கள் பேட்டையில் இருக்கும் ஒரு அம்மா என் மனைவியைப் பிடித்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் இப்ப எங்க வேலை பாக்குறார்?" என்றார். என் மனைவிக்குப் பொய் வராது. "ஸ்வெட்டர் வெப்சைட்டுங்க" என்றாள். அதில் பொய்யும் இல்லை.

"அப்படியா! ஊருக்குப் போறேன், எங்க அண்ணிக்கு ஒண்ணு வேணும். டிஸ்கவுன்ட்ல எடுத்துத் தாங்களேன்."

அடுத்த நாள் கடைக்குப் போய் முழு விலை கொடுத்து ஒரு ஸ்வெட்டர் வாங்கி, விலைச்சீட்டை வெட்டிவிட்டு, பாதி விலை சொல்லி அந்த அம்மாவிடம் கொடுத்தாள். அவர் அண்ணிக்குப் பிடித்துப்போய் இன்னொன்று கேட்டார். அதையும் வாங்கிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து, "உங்க தொழில்ல நான்தான் நஷ்டம்" என்றாள். நாங்கள் இருவரும் சேர்ந்து அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த இரண்டொரு வருஷம் நன்றாக இருந்தது. இப்போது யோசித்தால் அது மட்டும்தான் நன்றாக இருந்தது.

ஏ.ஐ. படங்கள் வந்தபோது முதலில் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்வெட்டர் போட்ட பெண்களை மெஷின் வரைந்தது. இரண்டு கைகளிலும் விரல்கள் கூடக் குறைய இருந்தன. பின்னல் எங்கோ தொடங்கி எங்கோ முடிந்தது. எங்கள் சந்தாதாரர்கள் அதை எங்களுக்கே அனுப்பிக் கேலி செய்தார்கள். சில மாதங்களில் விரல்கள் சரியாகிவிட்டன. பின்னலும் சரியாகிவிட்டது. கேட்ட நிறத்தில், கேட்ட வயதில், கேட்டவுடன் வந்தது. சந்தா கட்டியவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் குறைய ஆரம்பித்தார்கள். போதாக்குறைக்குப் பார்க்க வருகிறவரின் வயதைச் சரிபார்க்க வேண்டும் என்று விதிகள் வந்தன. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் வயதானவர்கள், கூச்சப்படுகிறவர்கள். முகத்தைக் காட்டு என்றதும் ஓடிவிட்டார்கள்.

இதையெல்லாம் எப்படியாவது தாங்கியிருப்போம். ஒரு நாள் காலையில் மலைமேல் இருந்து பின்னும் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. எப்போதும் மின்னஞ்சல்தான் எழுதுவார். குரல் தட்டையாக இருந்தது.

"இரண்டு பேரும் வர முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

ரயிலில் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்தார். எமு ப்ளெயின்ஸ் தாண்டி ரயில் மலையேறத் தொடங்கியபோது, "உடம்புக்கு ஏதும் ஏலாமல் போச்சோ தெரியேல்லை" என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வீட்டில் அடுப்பு எரியவில்லை. நூல் உருண்டைகள் எல்லாவற்றையும் எங்கோ எடுத்து வைத்திருந்தார். உட்காரச் சொல்லிவிட்டுத் தன் போனை மேசைமேல் வைத்துத் தள்ளினார். நான் எடுத்துப் பார்த்தேன். அவர்தான். அவருடைய வரவேற்பறை, அவருடைய நாற்காலி, காதுக்குக் கீழே இருக்கும் மச்சம்கூட அப்படியே. உடம்பில் ஒரு துணியும் இல்லை. அடுத்த படத்தில் அதைவிட மோசம். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அண்ணனைப் பார்க்க விடவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

ஊர் நூலகத்தில் வாரா வாரம் பெண்கள் கூடிப் பின்னுவார்கள். அந்தக் குழுவைத் தொடங்கியதே இவர்தான். அதில் ஒருத்தியின் மகன் எங்கோ பார்த்து அம்மாவிடம் சொல்ல, அவள் நல்ல எண்ணத்தோடு இவரிடம் காட்டியிருக்கிறாள்.

"அது நான் இல்லை என்று சொன்னேன்," என்றார். "தெரியும், தெரியும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் பார்த்துவிட்டார்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர்களுக்கு அது ஞாபகம் வருகிறது. எனக்குத் தெரிகிறது."

அவர் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் கழற்றவே இல்லை. உங்களுக்குத் தெரியும்."

"ஓம்... யெஸ், யெஸ்" என்றார் அண்ணன். பதற்றத்தில் தமிழ் முதலில் வந்துவிட்டது.

"அதை எடுத்துவிட முடியுமா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். தொழில்நுட்பம் அவரைவிடத் தெரிந்தவன் நான்தான். முயற்சி செய்கிறோம் என்றேன். முடியாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தலையை ஆட்டிவிட்டு, டீ போடவில்லை, மன்னியுங்கள் என்றார்.

அதன் பிறகு வந்த மாதங்களில் எங்கள் வேலை அது ஒன்றுதான். புகார் எழுதுவது. அரசாங்கத்தில் இதற்கென்று இருக்கும் அலுவலகத்தில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டார், தன்னால் ஆனதைச் செய்தார். பல படங்கள் போயின. போன மறுவாரம் வேறு நாட்டில் வேறு பெயரில் வந்தன. மெஷினுக்கு அவர் முகம் பழகிவிட்டது. பழைய படங்கள் இனி அதற்குத் தேவையில்லை, அவரைப் புதிது புதிதாக அதுவே செய்துகொண்டது.

இதைச் செய்தது யார் என்ற கேள்விக்கு அண்ணன் வாய்விட்டுப் பதில் சொல்ல மாட்டார். அந்த வீட்டை அத்தனை கோணத்தில் பார்த்திருக்கக்கூடியவர்கள் சந்தா கட்டியவர்கள் மட்டும்தான். மரியாதையாக எழுதியவர்களில் ஒருவன். குளிருக்குப் பத்திரமாக இருங்கள் அம்மா என்று எழுதியவனாகக்கூட இருக்கலாம். அண்ணன் பழைய மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"இவன் செய்திருக்கமாட்டான், என்ன தம்பி?"

"தெரியலண்ணே."

"இவன்?"

"தெரியலண்ணே."

பிறகு யாருக்கும் பதில் எழுதுவதை நிறுத்திவிட்டார். பதில் எழுதுவதுதான் எங்கள் தளத்தின் உயிர். அது நின்றதும் மிச்சமிருந்தவர்களும் போனார்கள்.

மூடிவிடலாம் என்று அந்த அம்மாவேதான் சொன்னார். மூடும்போது தானும் இருக்க வேண்டும் என்று பரமட்டாவுக்கு ரயிலில் வந்தார். அதுவரை அவர் எங்கள் அறையைப் பார்த்ததில்லை. படியேறி வந்து மூச்சு வாங்க நின்று சுற்றிப் பார்த்தார். "இவ்வளவு சின்னதா?" என்றார். மெல்லிய பருத்திச் சட்டைதான் போட்டிருந்தார். கம்பளி இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான் முதல்தடவை. என் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

எல்லாவற்றையும் அழித்தேன். படங்கள், வீடியோக்கள், அவர் நூலைப் பற்றிப் பேசியது, லாரி டிரைவருக்கு ஸ்வெட்டர் பின்னியது. திரையில் அது நடந்து முடிய அதிக நேரம் ஆகவில்லை.

"இப்போது வெளியில் இருப்பவை மட்டும்தான் நான், இல்லையா?" என்று கேட்டார்.

அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் அவரை ரயில் நிலையம் வரை கொண்டுபோய் விட்டேன். வழியில் என் மகள் என்ன படிக்கிறாள் என்று விசாரித்தார். பிளாட்பாரத்தில் என் கையைப் பிடித்து, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அண்ணன் அறையைக் காலிசெய்துவிட்டு மெல்பர்னில், கிளென் வேவர்லியில், மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருகிறார். போனில் பேசினால் அந்தத் தொழில் பற்றி வாயே திறப்பதில்லை. மழையோ, வெயிலோ, கத்தரிக்காய் நட்டிருக்கிறேன், இவ்வளவுதான். "சரி தம்பி, வைக்கிறன்" என்று அவரே முதலில் வைத்துவிடுவார். நான் இப்போது ஒரு கிடங்கில் பார்சல் பிரிக்கும் வேலை பார்க்கிறேன்.

புகார் எழுதுவதை மட்டும் நான் விடவில்லை. விடுமுறை நாளில், மகள் வெளியே போயிருக்கும்போது, உட்கார்ந்து தேடுவேன். போன மாதம் தேடியபோது ஏதோ மாறியிருந்தது. முகத்தில் சுருக்கங்கள் இல்லை. மச்சம் இல்லை. தாடை கூர்மையாகியிருந்தது. அவரிலிருந்து பிறந்து, அதிலிருந்து இன்னொன்று பிறந்து, முப்பது வயதுப் பெண் ஒருத்தியாகியிருந்தது. அந்த நாற்காலியை வைத்துத்தான் நானே கண்டுபிடித்தேன். அவருடைய ஊரில் யார் பார்த்தாலும் இனி அவர் என்று சொல்லமாட்டார்கள்.

மனைவியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நல்லதுதானுங்களே? இனி அது அவங்க இல்லையே."

"ஆமா. நல்லதுதான்."

"அவங்களுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க. நிம்மதியா இருப்பாங்க."

போட்டேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் வந்தது. எண்ணை ஒருமுறை சரிபார்த்துவிட்டு மறுபடி போட்டேன். அதே குரல். அந்த வாரமே ரயிலேறிப் போனேன். அவர் வீட்டு வாசலில் குழந்தைச் சைக்கிள் ஒன்று கிடந்தது. கதவைத் திறந்த பெண், முன்னால் இருந்தவர் வீட்டை விற்றுவிட்டுப் போய் வெகுநாளாகிறது, எங்கே என்று தெரியாது என்றாள். நூலகத்தில் கேட்டேன். அங்கிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீங்கள் யார் என்று கேட்டார்.

 தெரிந்தவன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அடுத்த ரயிலுக்கு நேரம் இருந்தது. நிலையத்தில் வேறு யாரும் இல்லை.